யாரு அனுப்புனா?

எங்கள் இரவுப் பாடசாலையில் மாதக் கடைசி சனிக்கிழமைகளில் படம் போடுவோம். புரொஜெக்டர் இரவல் வாங்கியது, திரை ஒரு வெள்ளை வேட்டி. 'கக்கூஸ்', 'விட்னஸ்' என்று நாங்கள் தேர்ந்தெடுத்துப் போட்ட படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் சோர்ந்துபோயிருந்தார்கள். "ஒவ்வொரு மாசமும் அழ வைக்கிறீங்க, ஒரு தடவையாச்சும் பயமுறுத்துங்க" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான். தேர்வை அவர்களிடமே விட்டோம். அவர்கள் பென் டிரைவில் கொண்டுவந்தது 'தி டிசென்ட்'. 2005இல் வந்த பிரிட்டிஷ் ஹாரர் படம், இயக்கம் நீல் மார்ஷல். சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தோம்.

கதை எளிமையானது. ஆறு தோழிகள் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஒரு குகைக்குள் இறங்குகிறார்கள். வந்த வழி சரிந்து மூடிக்கொள்கிறது. வேறு வழி தேடிப் போகும்போது உள்ளே தாங்கள் மட்டும் இல்லை என்பது தெரியவருகிறது. ஆனால் படத்தின் பாதிவரை எந்த ஜந்துவும் முழுதாகக் கண்ணில் படாது. பாறையும் இருட்டும் மட்டும்தான். சாரா என்பவள் ஆள் நுழைய முடியாத ஓர் இடுக்கில் குப்புறப் படுத்து ஊர்ந்து போகிறாள், தோள் மாட்டிக்கொள்கிறது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. மூச்சு வாங்குகிறது. அந்தக் காட்சியில் எங்கள் கூடத்தில் ஒருவரும் அசையவில்லை.

அப்போதுதான் பாடசாலையின் சாவியை வைத்திருக்கும் அண்ணன் கதவோரம் வந்து நின்றார். இருபது வருடத்துக்கு மேல் ஒப்பந்தக்காரர்களிடம் சாக்கடை அடைப்பெடுக்கும் வேலை பார்த்தவர். இப்போது ஓர் அடுக்ககத்தில் வாட்ச்மேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு அனுப்புனா இவங்கள?"

"யாரும் அனுப்பலண்ணா, அவங்களாத்தான் போறாங்க. ஜாலிக்கு" என்றான் முன்வரிசைத் தம்பி ஒருவன்.

"ஜாலிக்கா?" திரும்பவும் பார்த்தார். "உள்ள காத்து இருக்குதா?"

"இருக்குண்ணா."

"அப்பறம் என்ன?"

சொல்லிவிட்டு வெளியே பீடி பற்றவைக்கப் போய்விட்டார். கூடமே சிரித்துவிட்டது. நீல் மார்ஷல் முக்கால் மணி நேரமாகக் கட்டியெழுப்பிய பயம் கலைந்துபோனது. பிறகு அந்த வெளிறிய குருட்டு ஜந்துகள் வந்து மீண்டும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டன என்பது வேறு விஷயம். ஆனால் நாங்கள் அன்றிரவு முழுக்க அந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நிலத்தடியில் நடக்கும் ஹாரர் படங்களை வரிசையாகத் தேடிப் பார்த்தோம், பார்த்ததைத் திரும்பவும் பார்த்தோம். ஒவ்வொரு படத்திடமும் அண்ணனின் முதல் கேள்வியைக் கேட்டுப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. படங்களின் முடிவுகளை ஒளிக்காமல் எழுதுகிறோம், பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

'தி டிசென்ட்' படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் துக்கத்தின் கதையாக வாசிக்கிறார்கள். சரியான வாசிப்புதான். சாரா ஒரு வருடத்துக்கு முன் கார் விபத்தில் கணவனையும் மகளையும் பறிகொடுத்தவள். குகை அவளுடைய மனம். கீழே போகப் போக அவள் அழுத்தி வைத்திருந்ததெல்லாம் எதிரே வருகிறது. மகளின் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. தன் கணவனுக்கும் தோழி ஜூனோவுக்கும் இருந்த உறவு தெரியவருகிறது. பிரிட்டனில் வெளியான வடிவத்தில் கடைசியில் சாரா தப்பிப்பதே ஒரு கனவு. கண் விழித்தால் குகையில் இருக்கிறாள், எதிரே பிறந்தநாள் கேக்கோடு மகள் உட்கார்ந்திருக்கிறாள். அமெரிக்காவில் அந்த முடிவை வெட்டிவிட்டு, அவள் வெளியே வந்துவிட்டதாகக் காட்டினார்கள்.

ஆனால் "யாரு அனுப்புனா" என்று கேட்டால் படம் வேறு முகம் காட்டுகிறது. அவர்கள் தாங்களாகப் போகவில்லை என்பதுதான் கதையின் முடிச்சு. வரைபடம் உள்ள, பலர் போய்வந்த குகைக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு, யாரும் நுழையாத குகைக்கு ஜூனோ கூட்டிப் போகிறாள். தன் பெயரில் ஒரு கண்டுபிடிப்பு வேண்டும் அவளுக்கு. எங்கே போனார்கள் என்று மேலே யாருக்கும் தெரியாது. தேடி வர ஆளில்லை. மாட்டிக்கொண்ட பிறகுதான் இது மற்றவர்களுக்குத் தெரிகிறது. இரண்டாவது தடவை பார்த்தபோது அந்தக் காட்சிதான் ஜந்துகளைவிட எங்களைப் பயமுறுத்தியது. ஆழம் எவ்வளவு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒருவர் இன்னொருவரை இறக்கிவிடுவது. இது நமக்குத் தெரிந்த கதை.

அடுத்து, அதிகம் பேசப்படாத ஒரு பழைய படம். 1972இல் கேரி ஷெர்மன் இயக்கிய 'டெத் லைன்'. லண்டன் பாதாள ரயிலின் ரஸல் ஸ்கொயர் நிலையத்தில் இரவு நேரத்தில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். சுரங்கத்துக்குள் ஒரு நரமாமிச உண்ணி இருக்கிறான். மலிவான பேய்ப்படக் கதை போலத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் அவன் யார் என்று படம் விசாரிக்கிறது. 1892இல் சுரங்கம் தோண்டும்போது மண் சரிந்து ஆண்களும் பெண்களுமாகத் தொழிலாளர்கள் உள்ளே புதைந்துபோகிறார்கள். தோண்டிய கம்பெனி திவாலாகிவிடுகிறது. மீட்கச் செலவு செய்ய யாரும் இல்லை. இறந்திருப்பார்கள் என்று மேலே இருந்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அவர்கள் இறக்கவில்லை. உள்ளேயே வாழ்ந்து, பிள்ளை பெற்று, கிடைத்ததைத் தின்று, அந்தப் பரம்பரையின் கடைசி ஆளாக இவன் மிஞ்சியிருக்கிறான். இந்தச் சம்பவம் படத்துக்காகப் புனையப்பட்டது. ஆனால் அதன் கணக்கு புனைவில்லை.

இந்தப் படத்தில் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போக முடியாது. ஒன்று, போலீஸ் எப்போது விழித்துக்கொள்கிறது என்பது. அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே பலர் காணாமல் போயிருக்கிறார்கள். ஆனால் அரசுப் பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் காணாமல் போனபோதுதான் விசாரணை சூடுபிடிக்கிறது. இன்னொன்று, அந்த 'அரக்கன்' பேசும் மொழி. அவனுக்கு மொழியே கிடையாது. தலைமுறைகளாக மேலே ஓடும் ரயில்களிலிருந்து காதில் விழுந்த ஒரே ஒரு அறிவிப்பு மட்டும் தெரியும்: கதவுகளைக் கவனியுங்கள். கர்ப்பிணியாக இருந்த துணைவி கண்ணெதிரே இறந்துபோகும்போதும், கடத்தி வந்த பெண்ணிடம் ஏதோ சொல்ல முயலும்போதும், அந்த ஒரே வாக்கியத்தைத்தான் கெஞ்சலாகவும் அழுகையாகவும் மிரட்டலாகவும் திரும்பத் திரும்பச் சொல்கிறான். மேலே இருப்பவர்கள் போட்ட உத்தரவைத் தவிர வேறு சொல் இல்லாத வாய். ஹாரர் படம் பார்த்து நாங்கள் கண்கலங்கியது இது ஒன்றுக்குத்தான்.

ராபின் வுட் என்ற திரைப்பட விமர்சகர் 1979இல் அமெரிக்க ஹாரர் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சமூகம் எதையெல்லாம் அழுத்தி மறைக்கிறதோ, யாரையெல்லாம் 'பிறர்' என்று தள்ளிவைக்கிறதோ, அதுதான் அரக்கனாகத் திரும்பி வருகிறது என்பது அவர் வாதம். பெண்கள், உழைக்கும் வர்க்கம், பிற இனத்தவர் என்று ஒரு பட்டியலே போடுகிறார். எம்.ஏ. சமூகவியல் படித்தபோது இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். 'டெத் லைன்' பார்த்தபோதுதான் புரிந்தது. ஆனால் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது. மறைக்கப்பட்டவர்கள் திரையில் வருவதற்கு அரக்கன் வேடம்தான் போட வேண்டுமா? 1984இல் வந்த 'சி.எச்.யு.டி.' என்ற படத்தில் நியூயார்க்கின் நிலத்தடியில் ஒண்டியிருக்கும் வீடற்ற மக்கள், அங்கே கொட்டிய நச்சுக் கழிவால் ஜந்துகளாக மாறுகிறார்கள். கழிவைக் கொட்டியவர்கள்தான் குற்றவாளிகள் என்று படம் சொல்லத்தான் செய்கிறது. ஆனாலும் பார்வையாளர்கள் நினைவில் நிற்பது பச்சைத் தோலும் பல்லும்தான். சாக்கடையிலிருந்து எழுந்து வரும் உடம்பைப் பார்த்து அருவருக்கப் பழக்கப்பட்ட நம்மூர்ப் பொதுப்புத்திக்கு இப்படிப்பட்ட படம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்ட படம் ஜோர்டன் பீலேவின் 'அஸ்' (2019). அமெரிக்க நிலத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான மைல் சுரங்கங்கள் இருக்கின்றன, அவற்றில் மேலே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் மனிதர் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறார் என்பது கற்பனை. மேலே இருப்பவர்களைக் கட்டுப்படுத்துவதற்காக உருவாக்கப்பட்டு, திட்டம் தோற்றதும் கைவிடப்பட்டவர்கள் அவர்கள். மேலே இருப்பவர் சூடான சோறு சாப்பிட்டால் கீழே இருப்பவர் பச்சை முயல்கறி சாப்பிட வேண்டும். ஒரு நாள் சிவப்பு உடையும் கத்திரிக்கோலுமாக மேலே வருகிறார்கள். நீங்கள் யார் என்று கேட்டால், தாங்களும் அமெரிக்கர்கள்தான் என்கிறார்கள்.

இந்தப் படத்தில் பிள்ளைகளைப் பிடித்து உலுக்கியது அதன் கடைசித் திருப்பம். படம் முழுக்கக் குடும்பத்தைக் காப்பாற்றப் போராடும் அடலெய்ட், உண்மையில் கீழே பிறந்தவள். சிறுமியாக இருக்கும்போது மேலே வந்து, மேலே இருந்த சிறுமியைக் கீழே பூட்டிவிட்டு, அவள் இடத்தில் வளர்ந்தவள். படத்தில் மற்ற எவரையும்விட நிலத்தடியைக் கண்டு நடுங்குகிறவள் அவள்தான்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி சொன்னாள்: "எங்க கிளாஸ்ல யாருக்கும் நம்ம ஏரியா பேர் தெரியாதுக்கா. பஸ் ஸ்டாப் பேரைத்தான் சொல்வேன்." கூடத்தில் பலர் தலையாட்டினார்கள். நாங்களும்தான். எங்கள் காலத்திலும் அதே பஸ் ஸ்டாப். விடுதி அறைத்தோழி ஊருக்கு வருகிறேன் என்றால் வயிற்றைக் கலக்கும். அப்பா என்ன வேலை என்ற கேள்விக்கு "கார்ப்பரேஷன்ல" என்று பாதியோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருந்தது. யஷிகா தத் தன் அடையாளத்தை மறைத்து வாழ்ந்த வருடங்களைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பு நூலும் அதே 2019இல்தான் வந்தது. கீழேயிருந்து ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள், இவளும் எங்களில் ஒருத்தி என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாள் என்ற பயம் ஜோர்டன் பீலே கண்டுபிடித்தது இல்லை. அவர் அதற்குச் சிவப்பு உடை மாட்டிவிட்டார், அவ்வளவுதான். அடலெய்ட்டின் கதையில் எங்களுக்குக் கசந்த இடம், தப்பித்து வந்தவள் வேறொருத்தியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள் என்பது. நாங்கள் படித்து மேலே வந்தபோது யாரையும் பூட்டவில்லை. ஆனால் திறந்துவிட்டோமா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இனி அண்ணனின் இரண்டாவது கேள்வி. உள்ளே காற்று இருக்கிறதா?

நிலத்தடி ஹாரர் படத்துக்குக் கட்டாயம் வேண்டியது நேரம். பயம் முளைக்க, வளர, கூட இருப்பவர்மேல் சந்தேகம் வர, பழைய குற்றவுணர்ச்சி தலைதூக்க நேரம் வேண்டும். 2014இல் வந்த 'ஆஸ் அபவ், சோ பிலோ' படத்தை பாரிஸ் நகரின் நிஜமான கேட்டகோம்ப் சுரங்கங்களிலேயே எடுத்தார்கள். லட்சக்கணக்கானோரின் எலும்புகள் அடுக்கிய இடம் அது. அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தன் பழைய பாவம் உருவெடுத்து எதிரே வருகிறது. அதற்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் மூச்சுவிட முடிய வேண்டும்.

மலக்குழியில் அந்த நேரம் கிடையாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே, பரவாயில்லை என்று தோன்றும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இன்னும் கூடினால் சில மூச்சுகளில் ஆள் சுருண்டு விழுவார். பழைய நினைவு எதுவும் வராது. திரும்பிப் பார்க்கக்கூட அவகாசம் இருக்காது. அதனால்தான் இதை வைத்து ஹாரர் படம் எடுக்க முடியாது என்று எங்களில் ஒருவர் அடித்துச் சொன்னார். கதை தொடங்குவதற்குள் முடிந்துவிடும்.

தோழமையைச் சோதிக்கும் காட்சி இல்லாத குகைப் படம் இல்லை. நண்பன் மாட்டிக்கொண்டான், நீ இறங்குவாயா? 2006இல் கொடைக்கானல் குணா குகையில் நடந்த உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) முழுக்க இந்தக் கேள்விதான். குழிக்குள் விழுந்த சுபாஷைக் காப்பாற்ற குட்டன் கயிறு கட்டி இறங்குகிறான். மேலே நண்பர்கள் வடம் இழுப்பதுபோல இழுக்கிறார்கள். தியேட்டரில் நாங்களும் சேர்ந்து இழுத்தோம், கத்தினோம். பிறகு யோசித்தபோதுதான் நெஞ்சை அடைத்தது. மலக்குழி மரணச் செய்திகளில் ஏன் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருகிறது? முதலில் இறங்கியவர் விழுந்ததும் அண்ணனோ தம்பியோ கூட வேலை பார்த்தவரோ தூக்கக் குதிக்கிறார். அவரும் விழுகிறார். குட்டனிடம் இருந்த அதே துணிச்சல் இவர்களிடமும் இருந்தது. குட்டனுக்குக் கீழே காற்று இருந்தது. இவர்களுக்கு இல்லை. தொலைக்காட்சிச் செய்தியின் அடிவரியில் இவர்கள் "மூவர் பலி" ஆகிறார்கள்.

சட்டம் இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான மரணங்களுக்கு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த மாநிலவாரிக் கணக்கில் நம் தமிழ்நாடுதான் முதலிடம். இதையெல்லாம் வேறு கட்டுரைகளில் விரிவாக எழுதியிருக்கிறோம். இங்கே போதும்.

அண்ணனிடம் ஒருநாள் கேட்டோம், அத்தனை வருடத்தில் எதற்குப் பயந்தீர்கள் என்று. இருட்டுக்கா? "இருட்டு என்னா பண்ணும் டீச்சர்?" (நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் எங்களை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.) மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பாராம். "கரப்பான் ஓடுச்சுன்னா இறங்கலாம். ஒண்ணும் அசையலைன்னா இறங்கக் கூடாது." எங்களுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஹாரர் படத்தில் பூச்சி ஓடினால் பார்ப்பவர்கள் அலறுவார்கள். அவருக்கு அது நல்ல சகுனம். "அசையலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டோம். "மேஸ்திரி மூஞ்சிய பாப்பேன்" என்றார்.

பயம் அங்கே இருந்திருக்கிறது. குழிக்கு மேலே, மேஸ்திரியின் முகத்தில்.

கட்டுரை இங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பஸ் ஸ்டாப் பெயரைச் சொல்லும் அந்தத் தங்கை இப்போது ஒரு குறும்படம் எடுக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். மலக்குழியை வைத்து, அதுவும் ஹாரராக. எங்களுக்குள் பெரிய சண்டை. ஒருவர் கூடவே கூடாது என்கிறார். நம் ஆட்களின் சாவை வைத்துப் பயம் காட்டிக் கைத்தட்டல் வாங்குவதா, தீபக்கின் 'விட்னஸ்' மாதிரி, மகனைப் பறிகொடுத்த தாயோடு நீதிமன்றப் படியேறும் படம் எடு என்கிறார். தங்கை விடவில்லை. "விட்னஸ் பாத்து அழறவங்க ஏற்கெனவே நம்ம பக்கம்க்கா. பேய்ப்படம் பாக்க வர்றவன்தான் எனக்கு வேணும். அவன் வீட்டு செப்டிக் டேங்க் மூடியைப் பாத்தா அவனுக்குப் பயம் வரணும்." இதற்கு எங்களால் சரியாக மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் சி.எச்.யு.டி.யின் பச்சைத் தோல் ஞாபகம் வந்து தொல்லை கொடுக்கிறது. குழிக்குள் இருப்பவரை அவள் எப்படிக் காட்டப்போகிறாள் என்ற கவலை எங்களுக்குத் தீரவில்லை.

அவள் எழுதிவந்த முதல் காட்சியில் இரவு, மழை, வெறிச்சோடிய தெரு, இரண்டு கைகள் இரும்பு மூடியைத் தூக்குகின்றன. உள்ளே கன்னங்கரிய இருட்டு. போன வாரம் சாவி வாங்க வந்த அண்ணனிடம் அதைப் படித்துக் காட்டினாள்.

"மூடியில இருந்து ஏம்மா ஆரம்பிக்கிற?" என்றார். "விடிகாலைல போன் வரும்ல. நாலு மணி, நாலரை இருக்கும். புள்ளைங்க தூங்கிட்டு இருக்கும். நம்பரைப் பாத்ததும் தெரிஞ்சிரும். வீட்டுக்காரி எடுக்காதன்னு சொல்லும்."

"எடுப்பீங்களா?"

"எடுக்காம?"

தங்கை முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். போன் எத்தனை தடவை அடித்த பிறகு அவர் எடுக்க வேண்டும் என்பதில் நிற்கிறது.